குழந்தைகளின் ஷூவும் ஜனாதிபதியின் தொலைபேசியும்

பட்ஜெட் தோற்றால் அரசு கவிழும். குடிமையியல் பாடத்தில் இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணியதோடு நமக்கு வேலை முடிந்தது. ஆனால் தோற்ற அந்த ராத்திரி என்ன நடக்கும்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் திரும்பிப் போகிற நாள் ஒன்று உண்டு. 1982 ஜனவரி 27, அயர்லாந்து.

அப்போது பிரதமர் கேரட் ஃபிட்ஜெரால்டு. பொருளாதாரம் கற்பித்த மனிதர். 166 பேர் கொண்ட கீழவையில் அவருடைய ஃபைன் கேல் கட்சிக்கும் தோழமையான தொழிலாளர் கட்சிக்கும் 1981 தேர்தலில் கிடைத்தவை மொத்தம் 80 இடங்கள்தான். மிச்சத்துக்குச் சுயேச்சைகளின் தயவு. நாட்டின் கடனோ கழுத்தை நெரித்தது. 34 வயது நிதியமைச்சர் ஜான் புரூட்டன் கசப்பு மருந்தாக ஒரு பட்ஜெட் கொண்டுவந்தார். உணவு மானியத்தில் வெட்டு. அதுவரை வரியே இல்லாத துணிமணிக்கும் காலணிக்கும் 18% மதிப்புக் கூட்டு வரி.

குழந்தைகளின் ஷூவுக்குமா? ஆமாம், அதற்கும்தான். குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால், சின்னப் பாதம் உள்ள பெண்கள் அதே ஷூவை வாங்கி வரியிலிருந்து தப்பித்துவிடுவார்கள் என்று விளக்கம் வந்தது. கணக்காக எடுத்துக்கொண்டால் தப்பில்லை. அரசியலாக அது தற்கொலை.

பட்ஜெட் அன்று இரவே ஓட்டெடுப்பும் நடக்கும். பீர், பெட்ரோல் மாதிரியான பொருட்களின் வரி உடனே அமலாக வேண்டும், இல்லையென்றால் ஜனங்கள் பழைய விலையில் வாங்கிக் குவித்துவிடுவார்கள். அதனால் வாரக்கணக்கில் பேரம் பேச நேரமே கிடையாது. லிமரிக் ஊர்க்காரரான ஜிம் கெம்மி, ஒரு காலத்தில் கல்தச்சர், சோஷலிஸ்ட், சுயேச்சை உறுப்பினர். அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். 82–81. அவர் மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் அதே எண்களில் அரசு ஜெயித்திருக்கும்.

இனிமேல்தான் பாடப்புத்தகம் சொல்லாத பகுதி. தோற்ற பிரதமர் ஜனாதிபதியிடம் போய் அவையைக் கலைக்கச் சொல்லலாம். ஆனால் பெரும்பான்மை இழந்த பிரதமர் கேட்டால் மறுக்கும் உரிமையை அயர்லாந்து அரசியல் சாசனம் ஜனாதிபதிக்குத் தருகிறது. மறுத்தால் பிரதமர் பதவி விலக வேண்டும். தேர்தலே இல்லாமல் எதிர்க்கட்சித் தலைவர் சார்ல்ஸ் ஹாஹி ஆட்சி அமைக்க வழி பிறக்கும்.

அன்றிரவு ஜனாதிபதி மாளிகையில் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. ஹாஹியின் ஃபியனா ஃபாயில் முகாமிலிருந்து வந்த அழைப்புகள். ஜனாதிபதி பேட்ரிக் ஹில்லரியும் அதே கட்சியில் அமைச்சராக இருந்தவர்தான். பழைய சகாக்கள். அவர் பேச மறுத்துவிட்டார். ஃபிட்ஜெரால்டு கேட்டபடி அவையைக் கலைத்தார்.

இந்த மௌனம்தான் எனக்கு அந்த ராத்திரியின் மையம். மறுக்கும் அதிகாரம் சட்டப்படி அவருக்கு இருந்தது. ஆனால் பழைய கட்சிக்காரர்களின் போனுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தியிருந்தால், எவ்வளவு நியாயமான காரணம் சொன்னாலும் யார் நம்பியிருப்பார்கள்? பட்ஜெட் தோற்ற சில மணி நேரம் அதிகாரம் யார் கையிலும் முழுசாக இல்லை. அந்த இடைவெளியில் சட்டப்பிரிவு எவ்வளவு முக்கியமோ, அதைக் கையில் வைத்திருப்பவரின் நிதானமும் அவ்வளவு முக்கியம்.

பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் ஹாஹி எப்படியும் பிரதமர் ஆனார். அந்த வருஷ முடிவுக்குள் அவரும் விழுந்தார், ஃபிட்ஜெரால்டு திரும்பி வந்தார். ஆனால் அந்தத் தொலைபேசி விவகாரம் ஓயவில்லை. 1990 ஜனாதிபதித் தேர்தலில் ஃபியனா ஃபாயில் வேட்பாளர் பிரையன் லெனிஹன், தான் அன்று அழைக்கவில்லை என்று டிவியில் மறுத்தார். ஓர் ஆய்வு மாணவரிடம் அவரே அழைத்ததாகச் சொல்லியிருந்த ஒலிநாடா வெளியே வந்தது. துணைப் பிரதமர் பதவி பறிபோனது. அயர்லாந்தின் முதல் பெண் ஜனாதிபதியாக மேரி ராபின்சன் ஜெயித்தார்.

அவையைக் கலைக்க மறுக்கும் அந்த உரிமையை எந்த ஐரிஷ் ஜனாதிபதியும் இதுவரை பயன்படுத்தியதில்லை. குழந்தைகளின் ஷூவுக்கு அங்கே இன்றும் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம்தான்.