கால் வைக்க ஓர் இடம்: மரச்சேண வேட்டையின் கதை

அமெரிக்காவில் வில் அம்பு கொண்டு மான் வேட்டையாடுகிறவர்களில் ஒரு பகுதியினர் மரத்தில் தொங்கிக்கொண்டே வேட்டையாடுகிறார்கள். அவர்களுக்குப் பரண் கிடையாது, நாற்காலியும் கிடையாது. தரையிலிருந்து 15 முதல் 25 அடி உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டுகிறார்கள். இடுப்புக்கும் தொடைக்கும் அடியில் தூளி மாதிரி தாங்கும் ஒரு துணிப்பட்டை அந்தக் கயிற்றில் மாட்டப்படுகிறது. ஆசனம் என்பது அவ்வளவுதான். இதற்கு 'சாடில்' என்று பெயர். தமிழில் சேணம்.

குதிரைச் சேணத்தில் கால் வைக்க அங்கவடி உண்டு. ஆனால் மரச்சேணத்தில் அப்படி எதுவும் சேர்ந்து வருவதில்லை. அப்படியானால் காலை எங்கே வைப்பது?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் மர வேட்டையின் வரலாற்றில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மரத்தின் மேல் என்ன வேலை?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவின் கதை வேறு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வெள்ளைவால் மான்கள் சில லட்சமாகக் குறைந்துபோயிருந்தன. கட்டுப்பாடுகள் வந்தன, பருவங்கள் வகுக்கப்பட்டன, உரிமம் கட்டாயமானது. 1937-ல் வந்த ஒரு சட்டம் வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை வன உயிரினங்களுக்கே திருப்பிவிட்டது. இன்று அந்த மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி.

இந்த மீட்சியின் ஊடே வில்லும் திரும்பி வந்தது. 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில் வேட்டைக்கென்று தனிப் பருவத்தை அறிவித்தது. ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் உருளைகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லுக்கு 1966-ல் காப்புரிமை கோரி 1969-ல் பெற்றார். அதற்குப் பிறகு வில் வேட்டை சாதாரண மக்களிடமும் பரவியது.

ஆனால் வில்லுக்கு ஒரு பெரிய குறை உண்டு. மான் 20, 30 கெஜத்துக்குள் வந்தாக வேண்டும். வெள்ளைவால் மானின் மூக்கோ மிகக் கூர்மையானது. தரையில் நிற்கும் மனிதனின் வாடை அதற்கு எளிதில் எட்டிவிடும். வில்லை இழுக்கும் கையசைவையும் அதன் கண் பிடித்துவிடும். உயரத்தில் இருந்தால் வாடை தலைக்கு மேலே போக வாய்ப்பு உண்டு. கையசைவும் மானின் பார்வைக் கோட்டுக்கு மேலே நிகழ்கிறது. வேட்டைக்காரன் மரம் ஏறியதற்கு இதுதான் காரணம்.

ஏறினால் மட்டும் போதாது. விடியும் முன் ஏறியவன் பல மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அசையாமல் இருப்பவனின் முதல் எதிரி அவனுடைய சொந்தக் கால்கள்தான்!

வேட்டைக்காரனுக்கு முன் ஏறியவர்கள்

அமெரிக்காவில் மரத்திலும் கம்பத்திலும் ஏறி வேலை செய்தவர்கள் வேட்டைக்காரர்களுக்கு முன்பே இருந்தார்கள். அவர்களில் மூன்று கூட்டத்தார் முக்கியமானவர்கள்.

முதலில் மரம் வெட்டிகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசிபிக் கரையோரக் காடுகளில் ராட்சத மரங்களை அறுத்தவர்கள் இவர்கள். அந்த மரங்களின் அடிப்பகுதி பருத்து, பிசின் நிறைந்து இருக்கும். எனவே அதற்கு மேலே போய் அறுக்க வேண்டும். தண்டில் ஒரு வெட்டு வாய் செதுக்கி, இரும்பு முனை கொண்ட பலகையை அதில் செருகி, அந்தப் பலகை மேல் நின்று ரம்பம் இழுத்தார்கள். அந்தக் காடுகளில் மிஞ்சியிருக்கும் பழைய அடிமரங்களில் இந்த வெட்டு வாய்களை இன்றும் பார்க்கலாம். இவர்களுக்குக் காலுக்கு இடம் இருந்தது. உயிருக்குக் கயிறு இல்லை.

அடுத்து கம்பம் ஏறிகள். 1844-ல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடியது. அதன் பிறகு நாடு முழுவதும் கம்பங்கள் முளைத்தன. அவற்றில் ஏறியவர்கள் காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டார்கள். இடுப்பிலிருந்து கம்பத்தைச் சுற்றி ஒரு பட்டை போட்டுக்கொண்டார்கள். இன்றும் வேட்டைக்காரர்கள் ஏறும்போது மரத்தைச் சுற்றிப் போடும் கயிற்றை 'லைன்மேன் கயிறு' என்றே சொல்கிறார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செத்த கம்பத்துக்குச் சரியான இரும்பு முள், உயிருள்ள மரத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு புண் போடும்.

மூன்றாவது கூட்டத்தார் மர வைத்தியர்கள். ஒகையோ மாநிலத்தில் வாழ்ந்த ஜான் டேவி 1901-ல் மர வைத்தியம் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அது ஒரு தொழிலையே உருவாக்கியது. மரத்தைக் காப்பாற்ற ஏறுகிறவன் அதில் முள் குத்த முடியாது. எனவே அவர்கள் கயிற்றை நம்பினார்கள். கிளையில் கயிறு போட்டு, அதிலேயே முடிச்சிட்டு ஆசனம் செய்து தொங்கினார்கள். பிற்பாடு அதற்கென்று தைத்த பட்டை ஆசனங்கள் வந்தன. வேட்டைக்காரனின் சேணம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மர வைத்தியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கிளையை வெட்டிவிட்டு அடுத்த கிளைக்கு நகர்ந்துவிடுவான். அவனுடைய கால் மரத்துப்போக நேரமே இல்லை. வேட்டைக்காரனோ சிலை மாதிரி இருக்க வேண்டியவன். ஆசனம் கைமாறியபோது கால் பிரச்சினை புதிதாகப் பிறந்தது.

பரண் காலமும் விழுந்தவர்களும்

அதற்கு முன்பாகப் பரண்களின் காலம் ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் கிளைக் கவட்டில் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். ஆணி துருப்பிடிக்கும், பலகை உளுத்துப்போகும், மரம் வளர வளர ஆணி இளகும். 1970-களில் ஆளோடு சேர்ந்து மரத்தில் ஏறும் பரண்கள் பரவலாயின. பிறகு மரத்தில் சங்கிலியோ பட்டையோ போட்டுக் கட்டும் பரண்கள் வந்தன. காலை நீட்டி மடக்க இடம், உட்கார இருக்கை எல்லாம் இருந்தன. வசதிக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. பரணில் நின்றவன் பெரும்பாலும் எதிலும் கட்டப்படாமல் நின்றான். தூக்கம், பனி படர்ந்த தட்டு, ஒரு தவறான காலடி... விழுந்தவர்களில் பலர் இறந்தார்கள், பலர் முதுகெலும்பு முறிந்து முடங்கினார்கள். இடுப்பில் அல்லது மார்பில் ஒற்றைப் பட்டை கட்டிக்கொள்ளும் வழக்கம் வந்தது. அந்தப் பட்டை விழுந்தவனைத் தரையில் மோதாமல் காத்தது. ஆனால் தொங்கும் உடலின் மூச்சையே நெரித்தது. அதனால் முழு உடலையும் தாங்கும் பட்டைகள் வந்தன.

அப்போதும் கால் விடவில்லை. பட்டையில் அசையாமல் தொங்குபவனுக்கு ரத்தம் கால்களில் தேங்குகிறது. நடக்கும்போதும் காலை ஊன்றும்போதும் சுருங்கும் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. கால் அந்தரத்தில் சும்மா தொங்கினால் அந்தப் பம்பு நின்றுவிடும். மயக்கம் வரும், உயிரும் போகலாம். 1972-ல் இன்ஸ்ப்ரூக் நகரில் கூடிய மலை மீட்பு மருத்துவர்கள், கயிற்றில் தொங்கி இறந்த மலையேறிகளைப் பற்றி விவாதித்தார்கள். 2004-ல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தொங்கியவரை மீட்டபின் படுக்க வைக்கக் கூடாது என்ற பழைய அறிவுரைக்கு ஆதாரம் இல்லை என்று 2009-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் காலுக்கு ஊன்றுகோல் இல்லாமல் நெடுநேரம் தொங்குவது ஆபத்து என்பதில் மாற்றமில்லை. அதனால்தான் பாதுகாப்புப் பட்டையோடு காலை நுழைத்து மிதிக்க ஒரு கயிற்று வளையமும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சேணத்தில் உடல் உட்கார்ந்த நிலையில் இருப்பதால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. என்றாலும் பாடம் ஒன்றுதான்: காலுக்கு இடம் என்பது சொகுசு அல்ல.

1981-ம் படி வளையமும்

மிச்சிகன் மாநிலத்து வில் வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜான் எபர்ஹார்ட் 1981-லிருந்து சேணத்தில் வேட்டையாடுபவர். பொது நிலங்களில், ஆள் நடமாட்டத்துக்குப் பழகி உஷாராகிவிட்ட மான்களை வேட்டையாடுவது பற்றி நிறைய எழுதியவர். அப்படிப்பட்ட இடத்துக்குச் சேணம் பொருத்தமான கருவி. பையில் மடித்துப் போகலாம். வளைந்த மரமானாலும் கிளை மிகுந்த மரமானாலும் ஏறலாம். மான் ஒரு பக்கம் வந்தால் தண்டுக்கு மறுபக்கம் ஒளிந்துகொள்ளலாம்.

காலுக்கு அந்தத் தலைமுறை கண்ட வழி படி வளையம். வேட்டை உயரத்தில் மரத்தைச் சுற்றி ஐந்தாறு தனித்தனிப் படிகளைப் பொருத்துவார்கள். ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே மரத்தை முழு வட்டம் சுற்றி வரலாம். எந்தத் திசையில் மான் வந்தாலும் அம்பு விடலாம்.

இதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. திருகி இறக்கும் படிகள் மரத்தைத் துளைப்பவை. பல பொதுக் காடுகளில் அவற்றுக்கு அனுமதியில்லை. அதற்கு மாற்றாக ஒரே பட்டையில் கோத்து இறுக்கும் படிகள் வந்தன. இரண்டாவது தொல்லை பாதத்தில். ஓர் அங்குல அகல இரும்பில் நடுப்பாதம் அழுந்த நின்றால் ஒரு மணி நேரத்தில் பாதம் கெஞ்சும். கெட்டியான அடித்தோல் கொண்ட பூட்ஸ் போட்டவன் தாங்கினான். மெல்லிய அடி கொண்டவன் இறங்கிவிட்டான்.

ஒரு சின்னத் தட்டு

சேணம் நெடுங்காலம் ஒரு சிறு கூட்டத்தின் ரகசியமாகவே இருந்ததற்கு இந்தக் கால்வலி முக்கியமான ஒரு காரணம். 2000-களில் ட்ரோஃபிலைன் போன்ற சேணங்கள் விற்பனைக்கு வந்தபோதும் காலுக்கு என்று உருப்படியாக ஒன்றும் கடையில் கிடைக்கவில்லை. எனவே தாங்களே செய்துகொண்டார்கள். சிறிய பரணை வாங்கி, இருக்கையை அறுத்தெறிந்து, தட்டை மட்டும் மரத்தில் கட்டினார்கள்.

2018-ல் தொடங்கப்பட்ட டெத்தர்ட் நிறுவனம் சேணத்தையும், அதற்கென்றே வடிவமைத்த ஒரு குட்டி அலுமினியத் தட்டையும் சேர்த்து விற்றது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இரண்டு பாதம் வைக்க மட்டுமே இடமுள்ள தட்டு. எடை ஒன்றரை கிலோவை ஒட்டித்தான். இவ்வளவு சிறியது எப்படித் தாங்குகிறது? சேணத்தில் சாய்பவனின் எடையில் ஒரு பகுதி கயிற்றில் போகிறது. மீதி, பாதம் வழியே தட்டைக் கீழ்நோக்கியும் தண்டை நோக்கியும் அழுத்துகிறது. தட்டின் பின்புறப் பற்கள் மரப்பட்டையில் கடித்துக்கொள்கின்றன. சாயச் சாயப் பிடி இறுகும். பக்கவாட்டில் உதைத்தால் மட்டும் தட்டு திரும்பிவிடக்கூடும்.

எது வசதி?

நேரே முன்னால் மான் வரும் என்று தெரிந்தால் தட்டே போதும். பாதம் முழுதும் பதிவதால் நெடுநேரம் நிற்கலாம். சுற்றிலும் பார்க்க வேண்டிய இடத்தில் படி வளையம் நல்லது. இன்று பலர் முன்னால் தட்டு, இரு பக்கமும் இரண்டு படிகள் என்று கலந்து வைக்கிறார்கள். எடை கூடாது என்பவர்கள் ஏறி வந்த குச்சி ஏணியின் மேல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சரி, முழு நாளுக்கு ஆகாது.

எதில் நின்றாலும் நிலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் காலை ஊன்றிப் பின்னால் சாய்வது, கொஞ்ச நேரம் முழங்காலைத் தண்டில் முட்டுக்கொடுத்து உட்காருவது. அதற்குத்தான் முழங்கால் மெத்தை. மரத்தை நோக்கிச் சாய்ந்தபடி நிற்கும் காலுக்குச் சமதளத் தட்டைவிட ஓரம் லேசாக உயர்ந்த தட்டு இதம். குளிரில் வெறும் உலோகம் பாதத்தின் சூட்டை உறிஞ்சும், தட்டினால் சத்தமும் போடும். மேலே ஒட்டும் துணி நாடா குறைந்தபட்சம் அந்தச் சத்தத்தை அடக்கும்.

இதெல்லாம் வேட்டைக்காரனின் சுகத்துக்காக மட்டுமல்ல. கால் நடுங்குகிறவனின் அம்பு குறி தவறும். நுரையீரலில் பாய வேண்டியது வயிற்றில் பாய்ந்தால், அந்த மான் உடனே சாகாது. காட்டுக்குள் ஓடிப் பல மணி நேரம் துடித்துச் சாகும். வேட்டையை ஏற்பவர்களும் இதை ஏற்பதில்லை.

மரம் வெட்டி முதல் பரண்காரன் வரை, காலுக்கு இடம் முதலில் வந்தது, உயிருக்குக் கயிறு பிறகுதான் வந்தது. பலர் விழுந்த பிறகுதான் வந்தது என்றும் சொல்லலாம். சேணம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. தரையில் கால் இருக்கும்போதே லைன்மேன் கயிறு, மேலே போனதும் தலைக்கயிறு, கடைசியில்தான் தட்டு. கயிற்றைத் தொய்ய விடாதவனுக்குத் தட்டு வழுக்கினால் உடல் ஒரு குலுக்கலோடு நின்றுவிடும். கயிறு தாங்கும் என்று தெரிந்த பிறகு, காலுக்குக் கொடுத்த இடம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும். இரண்டு பாதம் பதியும் ஓர் அலுமினியத் துண்டு போதும்.