நாய், பூனை வாய் வைத்த சாப்பாட்டை சாப்பிடலாமா? ரேபிஸ் வருமா? எதைக் கொட்டணும், எதைக் கழுவினால் போதும்?

ஆற வைத்த ஒரு லிட்டர் பாலில் பூனை வாய் வைத்துவிட்டது. கொட்டுவதா, மறுபடி கொதிக்க வைத்துக் குடிப்பதா? கடலூர் மாவட்டம் மங்கலம்பேட்டை மாதிரி ஊர்களில், வாசலில் நாயும் கொல்லையில் பூனையும் உள்ள வீடுகளில் இது அடிக்கடி வரும் கேள்வி. தெரியாமல் குடித்துவிட்டால், "ஊசி போடணுமா?" என்ற பயம் கூடவே வந்துவிடும். இதே பயம் ஒரு பள்ளிக்கூடத்தையே உலுக்கிய சம்பவம் 2025-ல் சத்தீஸ்கரில் நடந்தது.

லச்சன்பூர் பள்ளியில் என்ன நடந்தது?

பலோடாபஜார் மாவட்டம் லச்சன்பூர் அரசு நடுநிலைப் பள்ளியில், 2025 ஜூலை இறுதியில், மதிய உணவுக்கு வைத்திருந்த காய்கறியில் தெருநாய் வாய் வைத்தது. பார்த்த மாணவர்கள் ஆசிரியர்களிடம் சொன்னார்கள். பரிமாற வேண்டாம் என்று ஆசிரியர்கள் சொல்லியும், சமைத்த சுய உதவிக்குழுவினர் பரிமாறிவிட்டதாகப் புகார் எழுந்தது. பெற்றோர் கொதித்துப் போனார்கள். 78 மாணவர்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்டது. தொற்று உறுதியானதால் அல்ல, முன்னெச்சரிக்கையாகவே போட்டதாக மருத்துவத் தரப்பு விளக்கியது. சத்தீஸ்கர் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, சாப்பிட்ட 84 மாணவர்களுக்கும் தலா 25,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

சாப்பாடு வழியாக ரேபிஸ் பரவுமா?

ரேபிஸ் முக்கியமாகக் கடி வழியாகவே பரவுகிறது. வெறிபிடித்த விலங்கின் எச்சில் காயத்துக்குள் போய், அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. பச்சைப் பால், பச்சை இறைச்சி மூலம் மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்கும் சூட்டில் இந்த வைரஸ் தாக்குப்பிடிக்காது.

அப்படியானால் ஏன் ஊசி? வாய்க்குள் புண் இருந்து, எச்சில் பட்ட உணவைச் சூடாக்காமல் சாப்பிட்டிருந்தால் வாய்ப்பு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதுவும் யாருக்கும் தெரியாத தெருநாய் என்றால் மருத்துவர்கள் பாதுகாப்பான பக்கமே நிற்பார்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாக முடியாது என்பதுதான் காரணம். 2025 டிசம்பரில் உத்தரப்பிரதேசம் பதாயூன் மாவட்டத்திலும், நாய் கடித்து இறந்த எருமையின் பாலில் செய்த தயிர்ப் பச்சடியைச் சாப்பிட்ட சுமார் 200 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டனர்.

உண்மையான ஆபத்து எது?

தடுப்பூசி போட்ட வீட்டு நாய், பூனை விஷயத்தில் ரேபிஸைவிட வயிற்றுப்போக்குதான் நிஜமான கவலை. சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் நோய் தெரியாத விலங்கிடமும் இருக்கலாம். நாக்கில் மட்டும் இல்லை, மண்ணையும் மலத்தையும் மிதித்துவிட்டு மேடையில் ஏறும் காலிலும் ஒட்டி வரும்.

இங்கே உணவின் தன்மையைப் பார்க்கணும். முழு வாழைப்பழம், தேங்காய், பாக்கெட் பிரிக்காத பொருள் என்றால் ஓடும் நீரில் கழுவினால் போதும். சாதம், சாம்பார், தயிர், இட்லி மாவு மாதிரி ஈரமான உணவில் ஒரு ஓரத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது சரியான வழி இல்லை. ஈரத்தில் கிருமி பரவும், பெருகும்.

பால்? இப்போதுதான் வாய் வைத்தது, பூனையும் வீட்டில் வளர்வது என்றால், பொங்கக் காய்ச்சினால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் எப்போது வாய் வைத்தது என்றே தெரியாமல் மணிக்கணக்கில் திறந்து கிடந்தால் கொட்டிவிடுவதே சரி. சில பாக்டீரியாக்கள் உணவில் விட்டுவைக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், கீமோதெரபி எடுப்பவர் உள்ள வீட்டில் இந்தக் கணக்கே வேண்டாம், கொட்டிவிடலாம். ஒரு லிட்டர் பால் மருத்துவமனைச் செலவைவிட மலிவு.

பல்லி விழுந்த சாப்பாடும் இதே ரகம்தான். வீட்டுப் பல்லிக்கு விஷம் இல்லை, ஆனால் சால்மோனெல்லா இருக்கலாம். எலி வாய் வைத்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், கொட்டணும்.

நாய் நக்கிய தட்டு என்ன ஆகும்?

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீங்கான் கோப்பை இருக்கும். மேல்பூச்சு வழவழப்பாக உள்ள பீங்கானையும் எவர்சில்வரையும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் சுத்தமாகிவிடும். விரிசல் விட்ட, பூச்சு உரிந்த பாத்திரத்தில் கிருமி தங்கும். அதை நாய்க்கே ஒதுக்கிவிடுவது நல்லது.

எதற்குக் கட்டாயம் ஊசி?

சாப்பாட்டைப் பற்றிப் பதறுகிற பலர், கையில் இருக்கும் வெட்டுக்காயத்தை நாய் நக்குவதைக் கண்டுகொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், காயம் இல்லாத தோலை நக்கினால் முதல் வகை, ஊசி தேவையில்லை. காயத்திலோ, வாய், கண் போன்ற ஈரமான இடத்திலோ எச்சில் பட்டால், ரத்தம் வரக் கடித்ததற்குச் சமமான மூன்றாம் வகை. உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் காயத்தைக் கழுவணும். கண்ணில், வாயில் பட்டால் வெறும் தண்ணீரில் அலசணும். பிறகு விருத்தாசலம் அரசு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தடுப்பூசியோடு, மருத்துவர் பார்த்து இம்யூனோகுளோபுலினும் போடுவார். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 என நான்கு நாள் கணக்கு. நாயையோ பூனையையோ 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதற்காகக் காத்திருந்து முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.