ஏரிக்காக ஓடினேன், ஏரி மேலேயே

பெங்களூரில் குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு ஏரி உண்டு. சிலருக்கு ஜன்னலிலிருந்து தெரியும். சிலருக்கு வீடு விற்றவர் "லேக் வியூ" என்று சொல்லிக் காசு வாங்கி, பிறகு தெரியாமலே போன ஏரி. இன்னும் சிலருக்கு மழைக்காலத்தில் மட்டும் பேஸ்மென்டுக்கு வந்து போகும் ஏரி. நான் மூன்றாவது கோஷ்டி :-)

2015 மே மாதம், ஆபீஸ் நண்பர்கள் இழுத்த இழுப்பில் 'வேர்ல்ட் 10கே' ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த மாதிரி ஓட்டங்களின் நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டியலில் இருக்கும் தொண்டு அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்க வேண்டும். நான் ஏரிகளைச் சுத்தம் செய்யும் ஒரு அமைப்பைப் பிடித்தேன். ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பினேன். திருச்சியிலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"ஏம்ப்பா, ஓடப் போறது நீ. காசு கொடுக்கறது நானா?"

"நல்ல காரியத்துக்குத்தான் சித்தப்பா."

"அப்ப ஓடாமலே கொடுக்கச் சொல்லேன்!"

ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட்டார், பாவம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

இது நம் நாட்டில் ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. 1981ல் தொடங்கிய லண்டன் மாரத்தான் இந்த வசூல் முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது. இங்கே 2004ல் மும்பை மாரத்தான், 2005ல் டெல்லி அரை மாரத்தான், 2008ல் பெங்களூரின் 10கே என்று வரிசையாக வந்தன. அதற்கு முன்பு சுற்றுச்சூழலுக்காக நம்மவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள். 1987 நவம்பரில் கன்னியாகுமரியிலிருந்து ஒரு குழுவும், மகாராஷ்டிரத்தின் நவாபூரிலிருந்து இன்னொரு குழுவும் கிளம்பி, மேற்குத் தொடர்ச்சி மலையோரமாக நடந்து, 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தன. எந்த மலைக்காக நடந்தார்களோ அந்த மலை ஊர்களுக்குள்ளேயே நடந்தார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்தை நிறுத்திய ரோட்டில், வாழைப்பழமும் தண்ணீரும் கையில் கொடுக்கக் கொடுக்க ஓடினோம். ஏரி எங்கேயும் கண்ணில் படவில்லை.

பட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு இழுத்தேன்.

அந்த வருடம் ஓட்டம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் கண்டீரவா ஸ்டேடியம். ஓடி முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பேரனைக் கூட்டிப்போக வந்தவர். நல்ல பெங்களூர்த் தமிழ். சட்டையில் குத்தியிருந்த துணியில் ஏரிப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏரிக்காகவா சார் ஓடறீங்கோ? நீங்கோ உக்காந்திருக்கறதே ஏரிதான். சம்பங்கி கெரே. எங்க தாத்தா காலத்துல இங்க தண்ணி."

வீட்டுக்கு வந்து தேடினால், மனிதர் சொன்னது அத்தனையும் நிஜம்.

பெங்களூருக்கு வற்றாத ஆறு கிடையாது. மேட்டில் இருக்கும் ஊர். அதனால் கெம்பே கவுடா காலம் தொட்டுப் பள்ளமான இடங்களில் எல்லாம் கரை போட்டு ஏரி கட்டினார்கள். நம்மூர்க் கண்மாய் மாதிரிதான். ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்ததுக்குப் போகும். அந்த வாய்க்காலுக்கு இங்கே ராஜகாலுவே என்று பெயர். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்ததும், ஊர் நடுவில் இருந்த ஏரிகளின் பிழைப்பு போயிற்று. குடிக்க வேண்டாம் என்றான பிறகு அது வெறும் கொசுப் பண்ணை, அல்லது சும்மா கிடக்கும் காலி இடம். 1930களின் முடிவில் சம்பங்கி ஏரி ஒரு சின்னக் குளமாகச் சுருங்கிவிட்டது. மீதியில் ஸ்டேடியம் எழுந்தது. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அதைப் பெரிதாகக் கட்டினார்கள். அதே போட்டிகளில் வீரர்கள் தங்கிய கோரமங்கலா விளையாட்டு கிராமமும் ஒரு ஏரி இருந்த இடம்தான்.

இதோடு முடியவில்லை. ஷூலே ஏரி கால்பந்து ஸ்டேடியம் ஆயிற்று. அக்கிதிம்மனஹள்ளி ஏரி ஹாக்கி ஸ்டேடியம். சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். நாம் எல்லாரும் ஊருக்குப் பஸ் பிடிக்கும் மெஜஸ்டிக், தர்மாம்புதி ஏரி. இந்த ஊரில் விளையாட வேண்டும் என்றால் ஏரிக்குள் இறங்காமல் முடியாது போலிருக்கிறது!

அந்தச் சின்னக் குளம் ஏன் தப்பித்தது? கரகத்தால். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பெங்களூர்க் கரகத் திருவிழாவின் சடங்குகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அதை நடத்துபவர்கள் திகளர் சமூகத்தார். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள். இந்த ஏரிகளை நம்பிப் பூவும் காய்கறியும் விளைவித்தவர்கள். முன்பு வந்த நம் ஆட்கள் ஏரித் தண்ணீரில் தோட்டம் போட்டார்கள், பின்னால் வந்த நாங்கள் ஏரித் தரையில் ஃபிளாட் வாங்கினோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் ஆள் நான்தான்.

நாங்கள் ஓடிய அதே மே மாதம்தான் பெள்ளந்தூர் ஏரியில் நுரை தீப்பிடித்து எரிந்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும். 2018 ஜனவரியில் எரிந்தபோது அணைக்க ராணுவத்தினர் வர வேண்டியிருந்தது. நகரத்துக் கழிவு நீரின் பெரும்பகுதி போய்ச் சேரும் ஏரி அது. நான் தினமும் துணி துவைக்கும் சோப்பு நுரைக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் கட்டடத்தின் கழிவு நீர் சுத்திகரிப்பு இயந்திரம் அப்போது பல மாதமாக ஓடவில்லை, கரண்ட் செலவு அதிகம் என்று சங்கத்தில் நிறுத்தி வைத்திருந்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். அப்புறம்தான் ஏரிக்காக ஓடினேன்.

ஓடுவது வீண் என்று சொல்ல வரவில்லை. சர்ஜாபூர் ரோட்டில் இருக்கும் கைகொண்டரஹள்ளி ஏரியைப் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் மாநகராட்சியும் சேர்ந்து 2009 முதல் உழைத்து மீட்ட ஏரி. நாரைகள் வருகின்றன. அங்கேயும் காசு தேவைப்பட்டது. ஆனால் வாரா வாரம் ஆள் போய் நின்றது அதைவிடப் பெரிய விஷயம்.

2022 செப்டம்பர் வெள்ளத்தில் எங்கள் பேஸ்மென்டில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்துத் தெருவில் ஐடிக்காரர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்கள். சித்தப்பா டிவியில் பார்த்துவிட்டுப் பதறிப் போன் செய்தார். நலம் விசாரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அந்த ஐந்நூறு ரூபாய் ஏரிதானாப்பா வீட்டுக்கு வந்திருக்கு?"

இல்லை சித்தப்பா, இது வேற ஏரி என்றேன். சுத்திகரிப்பு இயந்திரம் இப்போது ஓடுகிறது. மாதாமாதம் அதன் மின் கட்டணத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை என்னுடையது.