கழுத்துப்பட்டிக்குள் ஒரு குரல்

மகாகவி பாரதி எப்படியிருந்தார் என்பதை நாம் அறிவோம். முண்டாசும் மீசையும் ஊடுருவும் அந்தக் கண்களும் புகைப்படங்களாய் நம்மிடம் இருக்கின்றன. அவர் எப்படிப் பேசினார், தம் பாடல்களை எந்த ஏற்ற இறக்கத்தோடு பாடினார் என்பதை நேரில் கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு ஊகிக்கத்தான் முடிகிறது. 1921ல் அவர் மறைந்தபோது கிராமபோன் இசைத்தட்டுகள் நம் நாட்டில் விற்பனையில் இருந்தன. ஆயினும் அவர் குரல் பதிந்த தட்டு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறை எங்கள் நண்பர் குழுவில் அடிக்கடி பேசப்படுவது. ஆகவேதான், தனிப்பாடல்களை அவற்றின் பின்கதைகளோடு மனப்பாடமாய்ச் சொல்லக்கூடிய, எண்பதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவரைச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, அதை முறையாக வீடியோவில் பதிந்துவிட வேண்டுமென்று முடிவு செய்தோம். ஐயா எதையும் எழுதிவைக்கும் வழக்கமில்லாதவர். சட்டையில் செருகும் காலர் மைக்கும், இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரும், கேமராவின் தலைமேல் பொருத்தும் ரிசீவரும் கொண்ட கம்பியில்லாக் கருவி ஒன்றை வாங்கினோம். காலியான அரங்கில் எங்களுள் ஒருவர் அதை அணிந்து நின்று பேசிப் பார்த்தார். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

மாலையில் அரங்கு நிறைந்தது. ஐயா பேசத் தொடங்கினார். நாற்பது நிமிடங்கள். பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அதில் பதினோரு நிமிடங்கள் அரித்த ஏட்டுச்சுவடியாய் ஓட்டை விழுந்து கிடந்தன. பாதிப் பாட்டு இருக்கும், மீதி இருக்காது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஹெட்போன் அணிந்திருக்கவில்லை. மறுநாள் ஐயாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "ஒருதரம் சொன்னாப்போல இன்னொருதரம் வராதே தம்பி" என்றார்.

எங்கே தவறினோம் என்று தேடப் போனவர்கள் இக்கருவியின் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டோம். இலக்கியம் பேசும் இடத்தில் மின்னணுவியல் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒருவர் பேசும்போதே அவர் குரலைப் பிடிப்பதா, பின்னால் வேறொரு குரலை ஒட்டவைப்பதா என்ற வழக்குதான் இந்த வரலாறு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது.

பேசும்பட வரலாற்றின் தொடக்கத்தில் மைக் ஓரிடத்தில் நிலையாக இருந்தது. பூச்சாடிக்குள்ளோ மேசை விளக்குக்குள்ளோ அதை ஒளித்துவைப்பார்கள். நடிகர் அதன் அருகில் வந்துதான் பேச வேண்டும். 1929ல் ‘தி வைல்ட் பார்ட்டி’ என்ற படத்தை இயக்கிய டாரதி ஆர்ஸ்னர், நாயகி கிளாரா போ தடையின்றி நடமாடுவதற்காக, மைக்கைத் தூண்டில் கழியில் கட்டி அவர் தலைக்கு மேலே கொண்டுபோகச் செய்தார். இன்றும் படப்பிடிப்புகளில் நீண்ட கழியோடு ஒருவர் கை கடுக்க நிற்கிறாரே, அவருடைய முன்னோடி அந்தத் தூண்டில்தான். ஆனாலும் கம்பி போகவில்லை.

கம்பியை அறுத்தவர்களுள் முன்வரிசையில் வருபவர் ரெஜ் மூர்ஸ் என்னும் ஆங்கிலேயர். பனிச்சறுக்கு ஆட்டக்காரர், அதோடு மின்னணுக் கருவிகள் செய்வதில் தேர்ந்தவர். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததால்தான் இது நடந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பனித்தரையில் வழுக்கிச் செல்பவன் கம்பியை இழுத்துக்கொண்டு ஓட முடியாதல்லவா? 1947ல் ரேடியோ மைக் ஒன்றை அவர் உருவாக்கினார். 1949ல் பிரைட்டன் நகரில் நடந்த ‘அலாதீன்’ பனிச்சறுக்கு நாடகத்தில், அபனசார் என்னும் மந்திரவாதியின் உடைக்குள் அது மறைத்துவைக்கப்பட்டது. கருவி குறையின்றி வேலை செய்தது. ஆயினும் மூர்ஸ் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. கோர முடியாது, அவர் பயன்படுத்திய 76 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவருக்கு அனுமதிக்கப்பட்டதன்று. காப்புரிமை கேட்டுப் போனால் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நாடகத் தயாரிப்பாளர்களும் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பவில்லை. மறைவில் நடிகர்களையும் பாடகர்களையும் நிறுத்திப் பேசவும் பாடவும் வைத்து, சறுக்குபவர்களைச் சறுக்க மட்டும் விட்டுவிடுவதே மேல் என்று கருதினார்கள். ஆக, கம்பியில்லா மைக் பிறந்த மேடையிலேயே இரவல் குரலிடம் தோற்றது. மூர்ஸ் தம் முதற்கருவியை 1972ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

அதன்பின் வணிக நிறுவனங்கள் வரிசையாய் வருகின்றன. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1953ல் ‘வேகபாண்ட்’, அதாவது நாடோடி, என்ற பெயரில் ஒன்றை விற்றது. பெயர்தான் நாடோடி, அதன் எல்லை ஏறத்தாழ 700 சதுர அடி. ஒரு நடுத்தர வீட்டின் பரப்புக்குள் திரியும் நாடோடி! ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம், அங்குள்ள வட ஜெர்மன் வானொலியோடு சேர்ந்து, 1957ல் தன் கருவியைக் காட்சிக்கு வைத்தது. மறு ஆண்டு முதல் அது ‘மைக்ரோபோர்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே 1957ல் சான் ஹோசே கல்லூரியின் ரேமண்ட் லிட்கே, வகுப்பறைக்கும் தொலைக்காட்சிக்குமாக ஒன்றை உருவாக்கினார். அதற்கு 1964 மே மாதம் காப்புரிமை கிடைத்தது.

அந்த 1964ஆம் ஆண்டுதான் எங்களுக்கு முக்கியமானது. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்திலிருந்து பிறந்த ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகம் அவ்வாண்டு திரைப்படமாக வெளிவந்தது. பூ விற்கும் பெண்ணுக்கு உயர்குடி உச்சரிப்பைக் கற்பிக்கும் ஒலியியல் பேராசிரியரின் கதை. பேராசிரியராக 1956 முதல் மேடையில் நடித்துவந்த ரெக்ஸ் ஹாரிசன் படத்திலும் நடித்தார். அவர் பாடகர் அல்லர். தாளத்தின்மீது பேசுவார், இராகத்தைத் தொட்டுவிட்டு மறுபடி பேச்சுக்கு இறங்குவார். ஒருமுறை செய்ததுபோல் மறுமுறை செய்யமாட்டார். இசைப்படங்களின் வழக்கப்படி பாடலை முன்கூட்டிப் பதிந்துவிட்டு, படப்பிடிப்பில் அதற்கு வாயசைக்கச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். தம் வாயசைப்புத் தம் குரலோடேயே பொருந்தாது என்பது அவர் கட்சி. எங்கள் ஐயா சொன்னதும் இதைத்தானே?

தீர்வு கண்டவர் ஜார்ஜ் குரோவ்ஸ். 1927ல் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்துக்கு ஒலிப்பதிவு செய்த அதே மனிதர். பேசும்படத்தின் வாசலில் நின்றவரே முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இந்தச் சிக்கலையும் எதிர்கொண்டார். ஹாரிசனின் கழுத்துப்பட்டிக்குள் சிறு மைக்கை மறைத்து, டிரான்ஸ்மிட்டரை உடைக்குள் வைத்து, நடிக்கும்போதே பாடலைப் பதிந்தார். படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால் அந்தக் கழுத்துப்பட்டிகளைச் சற்றுக் கவனியுங்கள்.

அதே படத்தில் நாயகி ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களில் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்ஸன். ஒரு பெண்ணின் பேச்சை மாற்றி அவளை வேறொருத்தியாக்கும் கதையில், ஆணுக்கு அவன் குரலைக் காப்பாற்றித் தர ஒரு பொறியாளர் புதுவழி காண்கிறார். பெண்ணுக்கு இரவல் குரலே வாய்க்கிறது. ஹாரிசனுக்கும் குரோவ்ஸுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஹெப்பர்னின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. ஷா உயிரோடிருந்தால் இதை வைத்தே இன்னொரு நாடகம் எழுதியிருப்பார்.

பின்னர் வந்த மாற்றங்களை விரைந்து கடந்துவிடலாம். 1975ல் ராபர்ட் ஆல்ட்மன் ‘நாஷ்வில்’ படத்தில் நடிகர்கள் பலருக்கும் தனித்தனி மைக் மாட்டித் தனித்தனித் தடங்களில் பதிந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண வீட்டுச் சத்தம் திரைக்கு வந்தது. 1976ல் நேடி நிறுவனம், ஒலியின் உச்சத்தையும் தாழ்வையும் அனுப்புமிடத்தில் சுருக்கி வாங்குமிடத்தில் விரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. கிசுகிசுப்பு இரைச்சலில் மூழ்குவது அதனால் வெகுவாகக் குறைந்தது. நம்மிடையே 1931ன் ‘காளிதாஸ்’ காலத்தில் நடிப்பவரே பாடினார். 1938ல் ‘நந்தகுமார்’ படத்தோடு பின்னணிக் குரல் வந்தது, பிறகு பேச்சும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயிற்று. ‘லகான்’ (2001), ‘விருமாண்டி’ (2004) போன்ற படங்கள் நேரடி ஒலிக்குத் திரும்பியபோது அதுவே செய்தியாயிற்று.

அலைவரிசைச் சிக்கலும் மூர்ஸோடு முடிந்துவிடவில்லை. கைபேசிச் சேவைகளுக்கு இடம் தர, அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து 2010 ஜூனிலும், 600 மெகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியிலிருந்து 2020 ஜூலையிலும் இம்மைக்குகள் வெளியேற்றப்பட்டன. நல்ல நிலையிலிருந்த கருவிகள் ஒரே நாளில் சட்டவிரோதமாயின. இந்த நெருக்கடிக்கு அஞ்சியும் விலை கருதியும் எங்களைப் போன்றோர் இன்று வாங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி. பெரும்பாலான நாடுகளில் அதற்கு உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாத சத்திரத்தில் கூட்டம் இருக்கத்தானே செய்யும்? வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன.

எங்கள் பிழை இப்போது விளங்கியது. மூர்ஸின் 76 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ நான்கு மீட்டர். அது மனித உடலை வளைந்து கடந்துவிடும். எங்கள் அலையின் நீளமோ பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. நீர் நிறைந்த மனித உடல் அதற்குச் சுவர். ஒத்திகையில் எங்கள் நண்பர் டிரான்ஸ்மிட்டரை நெஞ்சுக்கு முன்னால் கையில் பிடித்திருந்தார். மாலையில் பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று ஐயாவின் வேட்டி மடிப்பில் முதுகுப்பக்கம் செருகினோம். ரிசீவரோ அரங்கின் கடைசியில், கேமராவின் தலையில். நடுவே ஐயாவின் உடல், இருநூறு பேர், அவர்களின் கைபேசிகள். காலியான அரங்கில் செய்த சோதனை எதையும் சோதிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்கே போனோம். கேமராவிலிருந்து ரிசீவரைக் கழற்றி, கம்பி நீட்டித்து, ஐயாவுக்கு எதிரே ஆறடித் தொலைவில் நேர்ப்பார்வையில் வைத்தோம். டிரான்ஸ்மிட்டர் ஜிப்பாவின் முன்பையில். மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, மேல்துண்டு உரசாத பக்கமாய். கம்பியில் ஒரு சிறு வளையம் விட்டுத் துணியோடு ஒட்டினோம், இழுபட்டால் சத்தம் ஏறாதிருக்க. அவரை உரக்க ஒருமுறை சிரிக்கச் சொல்லி, அந்தச் சிரிப்புச் சிதறாத அளவுக்கு ஒலி அளவைக் குறைத்தோம். வீட்டிலிருந்த கைபேசிகள் அனைத்தும் கொல்லைப்புறம் போயின. மின்விசிறியை நிறுத்தினோம், சித்திரை மாதத்தில். மேசைமேல் தனியாக ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியும் ஓடியது. ஒருவர் முழுநேரமும் ஹெட்போனோடு அமர்ந்திருந்தார்.

ஒன்றேகால் மணிநேரம் பேசினார். ஓர் அசைகூட விடுபடவில்லை. அரங்கில் ஓட்டை விழுந்த இடத்தில் அவர் சொன்ன காளமேகம் கதையை மறுபடி கேட்டோம். "அதையா சொன்னேன்?" என்று யோசித்துவிட்டு, இரட்டைப்புலவர் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.