நீலகிரிச் சேற்றில் பழைய பருவமழை

ஏரியின் அடியில் படிந்த வண்டலைக் கொண்டு பண்டைய தட்பவெப்பத்தை அறியலாம். துருவத்தை ஒட்டிய பல ஏரிகளில் கோடையில் உருகிவரும் பனிநீர் பருவண்டலை இடும். மேற்பரப்பு உறைந்த குளிர்காலத்தில் நுண்களி மெல்லப் படியும். இவ்விரண்டும் சேர்ந்த ஓர் அடுக்கு ஓர் ஆண்டைக் குறிக்கும். மரத்தின் வளையங்களைப் போல இவ்வடுக்குகளை எண்ணும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியவர் சுவீடன் நாட்டு நிலவியலாளர் ஜெரார்டு டி கீர்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகள் வண்டலைக் கொணர்கின்றன. ஆனால் கோடையில் கண்மாய் வற்றி, களி வெடித்து, மாடுகள் மிதித்து அடுக்குகள் கலைந்துவிடும். எஞ்சிய கரம்பை மண்ணும் வண்டியேறி வயலுக்குப் போகும். பயிருக்கு அது உரம். வரலாற்றுக்கோ ஏடு கிழிந்த கதைதான்.

ஆகவே தமிழகத்தின் பழைய மழைக்காலங்களை அறிய, அதே மலைத்தொடரில் வடக்கே உள்ள நீலகிரிக்குச் செல்ல வேண்டும். அங்கு சாண்டிநல்லா போன்ற சதுப்புப் பள்ளங்களில், முழுதும் மக்காத தாவரங்கள் கருஞ்சேறாகத் திரண்டுள்ளன. நூல்கள் இதை முற்றா நிலக்கரி என்கின்றன. இதில் ஆண்டு அடுக்குகள் இல்லை. ஒவ்வோர் ஆழத்தின் வயதையும் கதிரியக்கக் கார்பன் சொல்கிறது. அங்கு வளர்ந்தது எதுவென்பதைக் கார்பன்-13 காட்டுகிறது. வெப்பமண்டலப் புற்களில் இது மரங்களில் உள்ளதைவிடச் சற்று மிகுதி. மழை குறைந்தால் அத்தகைய புல் பெருகும். கூடினால் சோலையும் ஈரத்தை விரும்பும் செடிகளும் பரவும்.

ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் இச்சேற்றை ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன் மலை வறண்டிருந்தது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை உச்சத்தை எட்டியது. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை மீண்டும் வறட்சி. பனியூழிக் காலத்தில் காற்றில் கரியமிலவாயு குறைந்திருந்ததும் புல்லுக்குச் சாதகமானதே. எனவே புல் மிகுதி முழுவதையும் மழைக்குறைவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இம்முடிவு ஒரு பழைய வழக்கையும் தொட்டது. நீலகிரிப் புல்வெளிகள், காட்டை எரித்தும் எருமை மேய்த்தும் மனிதர் உண்டாக்கியவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அவற்றை வெற்றுத்தரிசாகக் கருதியே சீகையும் கற்பூர மரமும் பெருமளவில் நடப்பட்டன. உலகில் எங்கும் மாடோ எருமையோ பழக்கப்படுத்தப்படுமுன்பே அங்கு புல் செழித்திருந்தது என்பதற்குச் சேறே சான்று.

எனினும் இச்சேறு மிக மெல்லவே வளர்வது. ஒரு விரற்கடை ஆழத்தில் நூறாண்டுகளுக்கும் மேல் அடங்கிவிடும். மழை பொய்த்து 1876–78இல் தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அதில் தனியே தெரியாது.