பிள்ளைகளுடன் சுங்கை பூலோ - எப்போது போகலாம்? எதைப் பார்க்கலாம்?

"அங்க ஒரே சேறு... முதலை வேற இருக்கு!"

பிள்ளைகளைச் சுங்கை பூலோ ஈரநில வனப்பகுதிக்கு அழைத்துச்செல்லப் பெற்றோர் சிலர் தயங்குவதற்கு அதுதான் காரணம். இரண்டும் உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் இருப்பதும் அந்தச் சேற்றில்தான்.

எப்போது போகலாம்?

கடல்நீர் இறங்கியிருக்கும் நேரத்தில். அப்போதுதான் சேற்றுப் பரப்பு வெளியே தெரியும். புறப்படும் முன் அந்த நேரத்தைச் சரிபாருங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை போனால் வடக்கிலிருந்து பறந்து வரும் பறவைகளையும் பார்க்கலாம்.

எதைக் காட்டலாம்?

- மட்ஸ்கிப்பர் மீன்: சேற்றில் தாவித் தாவிப் போகும். ஈரமான தோல் வழியாகவும் சுவாசிக்கும்.

- சதுப்புநில மரங்களின் வேர்கள்: சேற்றுக்குள் காற்று குறைவு. அதனால் சில மரங்களின் வேர்கள் மேலே நீட்டிக்கிட்டு நிற்கும்.

உடனே விளக்கம் சொல்லிடாதீங்க. "மீன் ஏன் தண்ணியை விட்டு வெளியே வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிள்ளைகளே கவனித்துப் பதில் தேடட்டும்.

பாதுகாப்பு?

- பாதையை விட்டு இறங்கவேண்டாம்.

- முதலையைக் கண்டால் நெருங்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

- விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்.

- தொப்பி, தண்ணீர், கொசு மருந்து அவசியம்.

நுழைவு இலவசம்.