கட்டே நோயும் தப்பிய தூர்களும்

போடிநாயக்கனூரில் மணக்கும் ஏலக்காய், மேற்கே போடிமெட்டைத் தாண்டிய மலைச்சரிவுகளில் மரநிழலில் விளைவது. ஏலத் தோட்டக்காரர் பெரிதும் அஞ்சும் நோய்களுள் ஒன்று கட்டே. இது கன்னடச் சொல். சீர்கேடு என்று பொருள் கூறுவர். இளம் இலையின் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். பிறகு ஆண்டுக்காண்டு தூர் சிறுத்துக் காய்ப்புக் குன்றும்.

இது வைரஸ் நோய் என்பதை 1945இல் உப்பல், வர்மா, கபூர் என்னும் அறிஞர் மூவர் அறிவித்தனர். செடிக்குச் செடி இதனைக் கொண்டு செல்வது, வாழை அசுவினிக்கு உறவான ஒரு சிறு பூச்சி. விதை வழியே இது பரவுவதில்லை. நோயுற்ற தூரிலிருந்து பெயர்த்த கன்றோ நோயுடனேயே புதுக் குழிக்குச் செல்லும். தீர்க்கும் மருந்து இல்லை. தூரைப் பிடுங்கி அழித்தல் வேண்டும். வளர்த்தவன் கை அதற்கு எளிதில் எழாது.

ஆயினும் பாழ்பட்ட தோட்டங்களின் நடுவே சில தூர்கள் மட்டும் பசுமை குன்றாமல் நின்றன. தற்செயலா, பிறவிக் குணமா? இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்தது இவ்வினாவே. அசுவினி அத்தூரை அண்டாமலே போயிருக்கலாம் அன்றோ? ஆகவே அறிஞர்கள் அவற்றை 'இயற்கையில் கட்டேக்குத் தப்பியவை' என்றனரேயன்றி, எதிர்த்து நின்றவை என்று சொல்லத் துணியவில்லை. அப்பெயரின் அடக்கத்தை நான் மதிக்கிறேன். பின்னர், நோயுற்ற செடியில் சாறுண்ட அசுவினிகளை அவற்றின் கன்றுகள்மீது வேண்டுமென்றே விட்டுச் சோதித்தனர். தற்செயலாகப் பிழைத்தவை இங்கே வீழும். மரபணுவில் காப்புடையவை நிற்கும். குடகு நாட்டு அப்பங்களா ஆராய்ச்சி நிலையத்தில் தேறிய ஒன்று, 2001இல் 'விஜேதா' என்னும் பெயருடன் உழவர்க்கு வந்தது.

ஏலப்பூவுக்குத் தேனீக்கள் அயற்செடியின் மகரந்தத்தைக் கொணர்வதால், விதையில் முளைத்தவை தாயை முற்றும் ஒத்திருப்பதில்லை. பக்கக்கன்றோ தாயின் மரபணுக்களை அப்படியே உடையது. நோயைச் சுமந்து செல்லும் அதே கன்று காப்பையும் சுமந்து செல்கிறது!

இன்று அம்மலைகளில் பெரிதும் காணப்படுவது, இடுக்கி உழவர் செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி'. மிகுந்த விளைச்சல் தருவது. அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் ஒரு தாயின் கன்றுகளே சரிவு முழுதும் நின்றால், ஒன்றை வீழ்த்தும் வைரஸ் மற்றவற்றையும் எளிதில் வீழ்த்தும். தப்பிய தூர் தோன்ற வேறுபாடு வேண்டுமே! இதனாலேயே அப்பங்களாவிலும் இடுக்கி மயிலாடும்பாறையிலும் பழைய வகைகளைத் திரட்டி வளர்க்கின்றனர். உங்கள் வீட்டார்க்கு மலையில் தோட்டம் உண்டாயின், பழைய தூரைப் பெயர்க்குமுன், கட்டே கண்ட ஆண்டுகளில் அது எவ்வாறு நின்றது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.